லைட் எரியும்வரை

இரவு முழுக்க மன்னிப்புக் கேட்பது என் வேலை.
யாருடையதோ ஒரு பெட்டி
வேறெங்கோ ஒரு விமான நிலையத்தில் இறங்கிவிட்டதற்கு,
பிள்ளையின் மருந்து அதற்குள் இருப்பதற்கு,
கொம்பனித்தெருவில், ஏழாம் மாடியில்,
ஹெட்செட்டைக் காது மாற்றி மாற்றி
அழைப்புக்கு ஆறு நிமிடம் என்ற கணக்கில்
மன்னிப்பு.

பக்கத்து மேசையில் பஸ்மினா.
அவளும் அதையேதான், வேறு பெட்டிக்காக.
எட்டு மணி நேரம் முழங்கை இடிக்க இருந்தும்
புருவத்தால் மட்டுமே பேசலாம்.

வாயால் பேசுவது இரண்டு பத்துக்குப் பிறகு,
வேனில்.

விக்ரம அய்யாவின் வேன்.
சிங்களத்தில் கூப்பிட்டால் அண்ணன்,
தமிழில் கூப்பிட்டால் மரியாதை.
எதில் கூப்பிட்டோம் என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை.

மருதானையில் கிருஷாந்த் இறங்கி
ஒரு கொத்து வாங்கி வருவான், ஐந்து பேருக்கு.
துல்ஷானியின் அப்பாவுக்குச் செவ்வாயும் வெள்ளியும் டயலிசிஸ்.
பஸ்மினாவின் மாமியாருக்கு இந்த வேலை ஆகாது.
எனக்குச் சம்பளம் இருபதாம் திகதியே முடிந்துபோன மாதம்
சீட்டில் ஒரு பை கிடந்தது:
அரிசி, பருப்பு, ஒரு டின் மீன்.
யார் வைத்ததென்று இன்றுவரை பேச்சில்லை.

மாளிகாவத்தை. தெமட்டகொடை. ஆமர் வீதி.
கடைசியாக நான், கொட்டாஞ்சேனைத் தொடர்மாடி.
மூன்றாம் மாடியில் என் லைட் எரியும்வரை
அவர் வேனை எடுக்கமாட்டார்.
கரண்ட் இல்லாத காலத்தில் ஒருநாள்
லைட்டுக்குப் பதில் போனை ஜன்னலில் ஆட்டினேன்.
கீழே ஹெட்லைட் ஒருமுறை
மூடித் திறந்தது.

பிறகு நலன் வாரம் வந்தது.
கன்டீனில் பப்பாசித் துண்டு.
மூச்சை உள்ளே இழுங்கள் என்றாள் ஒருத்தி,
இழுத்தோம்.
வெளியே விடச் சொல்வதற்குள் இடைவேளை முடிந்தது.

மூன்று மொழியிலும் ஒரு படிவம்.
ஆங்கிலத்தில் அக்கறை என்று இருந்ததை
தமிழில் கவலை ஆக்கியிருந்தார்கள்:
'உங்களைப் பற்றிக் கவலைப்படுபவர்
பணியிடத்தில் எவரேனும் உளரா?'
பஸ்மினாவிடம் காட்டிச் சிரித்தேன்.
சிரித்து முடிந்த பிறகுதான் தெரிந்தது,
பிழையாகப் பெயர்த்த சொல்தான்
சரியாகக் கேட்டிருக்கிறது.

ஐந்து முகங்கள், அழுவதிலிருந்து சிரிப்பதுவரை.
சிரிப்பதில் அடையாளமிட்டேன்.
கிருஷாந்தும், துல்ஷானியும் அப்படித்தான்.
மகிழ்ச்சி கூடியிருக்கிறது என்று அறிக்கை வந்தது,
அடுத்த பந்தியில்
முதலாம் திகதியிலிருந்து வேன் இல்லை என்றும்,
ஆளுக்கொரு டாக்சி என்றும்,
வசதிக்காக என்றும்.

வசதிதான்.
சுற்றாமல் நேரே வீடு, பதினாறு நிமிடம்.
குளிர்சாதனம். ஐந்து நட்சத்திரம் தரும்படி
ஒரு கெஞ்சல்.
நான் கதவைச் சாத்த முதலே
அடுத்த ஹயர் ஒலிக்கிறது அந்தப் பிள்ளைக்கு.
அவனைக் குறை சொல்ல என்ன இருக்கிறது,
அவனுக்கும் ஆறு நிமிடக் கணக்கு எங்கோ ஓடுகிறது.

முதல் இரவு லைட்டைப் போட்டுவிட்டு
ஜன்னலில் நின்றேன்.
கீழே ஒரு நாய்.
நாலாவது இரவு போன் அதிர்ந்தது.
பஸ்மினா: 'லைட்?'
'போட்டாச்சு.'
துல்ஷானி ஒரு மஞ்சள் வட்டம் மட்டும் அனுப்பினாள்.
கிருஷாந்த், மூன்று மணிக்கு, அரைத்தூக்கத்தில்,
எழுத்துப் பிழையோடு: 'லைடு.'

இப்போது தினமும் அப்படி.

ஆனால் விக்ரம அய்யாவின் நம்பர்
எங்கள் நால்வரிடமும் இல்லை.
நாலு வருஷம்.
தேவைப்படவே இல்லை,
எப்போதும் கீழேதானே நின்றார்.